மென்பொருள் உரிமச் செயல்நீக்கம்

ஒரு கணினியில் இயங்கும் மென்பொருளின் உரிமத்தை அங்கே விலக்கிக்கொண்டு, அதே உரிமத்தால் வேறொரு கணினியில் அம்மென்பொருளை இயக்கும் முறை செயல்நீக்கம் எனப்படுகிறது. கோப்புகளை அழிப்பது வேறு, இது வேறு. மென்பொருளை நீக்கிவிட்டாலும், விற்ற நிறுவனத்தின் பதிவில் பழைய கணினி அப்படியே இருக்கக்கூடும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இணையம் பரவுவதற்கு முன்பே இதன் முன்னோடி இருந்தது. 1980களில் லோட்டஸ் 1-2-3 போன்ற மென்பொருள்கள் நெகிழ்வட்டில் விற்கப்பட்டன. வன்தட்டில் எத்தனை முறை நிறுவலாம் என்ற கணக்கைச் சில மென்பொருள்கள் அந்த வட்டிலேயே வைத்திருந்தன. நிறுவினால் கணக்கு குறையும். முறைப்படி நீக்கினால் மீண்டும் ஏறும். வன்தட்டு பழுதானால் அந்த உரிமமும் அதோடு போயிற்று.

2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, கணினியின் வன்பொருள் விவரங்களைக் கொண்டு ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, இணையம் அல்லது தொலைபேசி வழியாகச் செயலாக்கம் பெறும் முறையைப் பரவலாக்கியது. 2005இல் வந்த அடோபியின் கிரியேட்டிவ் சூட் 2இல், உதவிப் பட்டியிலேயே செயலாக்கத்தை மாற்றும் கட்டளை இருந்தது. ஒருவர் தம் இரண்டு கணினிகளில் அதை நிறுவலாம். மூன்றாவதற்குப் போக வேண்டுமானால் ஒன்றை விடுவிக்க வேண்டும். விடுவிக்கும் கட்டளையைப் பழைய கணினியில் இருந்தே தர வேண்டும் என்பதால், அது திருடுபோனாலோ எரிந்துபோனாலோ வாடிக்கையாளர் சேவையை அழைத்து விளக்குவதைத் தவிர வழியில்லை. பணம் கொடுத்து வாங்கியவர், தாம் நேர்மையானவர் என்று நிரூபிக்க வேண்டிய நிலை அது.

2008இல் வெளியான ஸ்போர் விளையாட்டை மூன்று முறை மட்டுமே செயலாக்க முடிந்தது. முதலில் செயல்நீக்க வசதியே தரப்படவில்லை. அமேசான் தளத்தில் வாங்கியோர் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு இட்டனர். பின்னர் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வரம்பை ஐந்தாக உயர்த்தியது. செயல்நீக்கக் கருவியும் வந்தது.

வழங்கி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் அடோபியே எடுத்துக்காட்டு. கிரியேட்டிவ் சூட் 2இன் செயலாக்க வழங்கிகள் மூடப்பட்டபோது, செயலாக்கம் தேவைப்படாத பதிப்பை, தொடர் எண்களுடன், அந்நிறுவனம் தன் தளத்தில் வைத்தது. 2013 ஜனவரியில் இதைப் பலர் இலவச வெளியீடு எனத் தவறாகப் புரிந்துகொண்டனர். ஏற்கெனவே உரிமம் வாங்கியோருக்கே அது உரியது என அடோபி விளக்க நேர்ந்தது.

சட்டமும் இதைத் தொட்டது. பயன்படுத்திய ஆரக்கிள் உரிமங்களை மறுவிற்பனை செய்த யூஸ்டுசாஃப்ட் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று தீர்ப்பளித்தது. கால வரம்பின்றி விற்கப்பட்ட உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம். ஆனால் விற்பவர் அப்போதே தம் படியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்றது.

சந்தா முறை வந்தபின் செயல்நீக்கம் பெரும்பாலும் கணக்கிலிருந்து வெளியேறுவதாகச் சுருங்கிவிட்டது. பழைய கணினி கையில் இல்லாவிட்டாலும், புதிய கணினியிலிருந்தே அதை வெளியேற்றிவிடலாம். ஆனால் சந்தா நின்றால் எந்தக் கணினியிலும் அம்மென்பொருள் இயங்காது.