கொடைக்கானல் ஈ அமெரிக்கா போன கதை

பழனி மலையில் கல்லுக்குள் ஈயைத் தேடிப் பயனில்லை. பாலசமுத்திரத்து வயலில் நின்று தெற்கே நிமிர்ந்தால் தெரியும் அந்த மலையில் பெரும்பகுதி சார்னோகைட். பூமிக்கடியில் பல நூறு டிகிரி வெப்பத்தில் வெந்து இறுகிய பாறை, வயது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல். அப்போது ஈ என்ற பிறவியே உலகில் கிடையாது. புதைபடிவ ஈ வேண்டுமென்றால் ஏரியடிச் சேறு படிந்து கல்லான இடத்துக்கோ மரப்பிசின் இறுகிக் கல்லான இடத்துக்கோதான் போக வேண்டும். ஆனால் ஜுராசிக் ஈக்களின் சொந்தபந்தம் இந்த மலைக்கு மேலே இன்றைக்கும் பறக்கிறது. அதில் ஒரு கூட்டம் அமெரிக்கா வரை போயிருக்கிறது.

கொடைக்கானல் சோலைக்குள் ஓடையோரம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: உடம்பு மெலிசு, கால்கள் அளவுக்கு மீறி நீளம், கொசுவுக்குப் பெரியண்ணன் மாதிரி தத்தளித்துப் பறக்கும் ஒன்று. டிப்புலிட் குடும்பத்து ஈ. பயந்து அடிக்க வேண்டியதில்லை, அது கடிக்காது. இறக்கை முளைத்தபின் சில நாள்தான் ஆயுசு. வாழ்க்கையின் பெரும்பகுதி புழுவாக, ஈரப் பாசியிலும் மக்கிய மரத்திலும் ஓடைக்கரைச் சேற்றிலும் கழிகிறது. மலைக்காடு தேக்கி வைத்துச் சொட்டவிடும் நீர்தான் கீழே பொருந்தலாறாக இறங்கி, அணையில் நின்று, பழனி பக்கத்து நெல்லுக்குப் பாய்கிறது. மேலே ஈ வளர்வதும் கீழே நாற்று நடுவதும் ஒரே ஈரத்தை நம்பித்தான்.

அந்த ஈயை வலையில் பிடித்தவர்களில் முக்கியமானவர் பி. சூசைநாதன். காரைக்கால் பக்கம் குரும்பகரத்துக்காரர். போன நூற்றாண்டின் நடுவில் கொடைக்கானல், ஆனைமலையின் சின்கோனா, நீலகிரியின் நடுவட்டம் என்று அலைந்து பூச்சி பிடித்து வெளிநாட்டு மியூசியங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அனுப்பியவர். டிப்புலிட் ஈயை அனுப்புவது லேசான வேலையில்லை. பல்லிக்கு வால் எப்படியோ இதற்குக் கால் அப்படி, தொட்டால் கழன்றுவிடும். அதனால் இவ்வகை ஈக்களை மடித்த காகிதப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவது வழக்கம். கால் உடைந்தாலும் பொட்டலத்துக்குள்ளேயே கிடக்கும். கூடவே விரல் நக அளவுச் சீட்டு ஒன்று: தென்னிந்தியா, புல்னி ஹில்ஸ் (பழனி மலைதான்), கொடைக்கானல், 6500 அடி, பிடித்த மாதம், ஆண்டு, பி. எஸ். நாதன். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் ஈ வெறும் குப்பை.

பொட்டலங்கள் போய்ச் சேர்ந்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட். அங்கே சார்லஸ் அலெக்சாண்டர் என்ற பேராசிரியர் (1889–1981) இந்த ஒரே கூட்டத்து ஈக்களுக்காக ஆயுளைக் கொடுத்திருந்தார். அவர் பெயர் சூட்டிய இனங்கள் பதினோராயிரத்துக்கும் மேல். எழுபது வருட உழைப்பு என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு புது இனம். தட்டச்சுக்கும் பட்டியலுக்கும் மனைவி மேபல் துணை. அவ்வளவு வேகத்துக்கு விலையும் உண்டு. ஒற்றை மாதிரியை மட்டும் பார்த்து எழுதிய வர்ணனைகள் பல, பின்னால் வருபவர்கள்தான் சரிபார்த்தாக வேண்டும்.

அலெக்சாண்டர் முதலில் பார்ப்பது இறக்கையை. ஈயிலிருந்து அதைப் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி நரம்புகளைப் படிப்பார். டிப்புலிட் இறக்கையின் பின்பக்கத்தில் இரண்டு நரம்புகள் ஓரம் வரை போய் முட்டும். கொசுவுக்கு ஒன்றுதான். எந்த நரம்பு எங்கே பிரிகிறது, எங்கே குறுக்குக் கோடு என்பதை வைத்தே பாதி வழக்கு முடிந்துவிடும்.

புதைபடிவ ஈக்களின் கதவு திறப்பதும் இங்கேதான். பாறையில் நசுங்கிய ஈயில் மென்மையான பாகம் அழிந்தாலும் இறக்கை பெரும்பாலும் தங்கும். 1906-இல் வியன்னாவின் பூச்சி ஆய்வாளர் ஆன்டன் ஹான்ட்லிர்ஷ் ஜெர்மனியின் ஜுராசிக் பாறைகளிலிருந்து ஆர்க்கிடிப்புலா என்ற பேரினத்துக்குப் பெயர் வைத்தது அப்படித்தான். அலெக்சாண்டரும் 1931-இல் கல்லான மரப்பிசினாகிய பால்டிக் அம்பருக்குள் சிக்கிய டிப்புலிட் ஈக்களைப் பற்றி எழுதினார். பிசினுக்குள் இருக்கும் ஈக்கும் கொடைக்கானல் பொட்டலத்து ஈக்கும் ஒரே கண், ஒரே அளவுகோல்.

உயிருள்ள ஈயை வைத்துப் புதைபடிவ ஈயைப் படிக்கும் இந்த முறை இன்றும் மாறவில்லை. 2025-இல் ஆய்வாளர் விக்டர் பரனோவும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள டால்பிரகர் மீன்படிவப் பாறையிலிருந்து ஒரு ஜுராசிக் ஈயை விவரித்தார்கள். பெயர் டெல்மாடோமியா டால்பிரகாரிகா, வயது சுமார் 15.1 கோடி ஆண்டு, கிடைத்தவை ஆறு மாதிரிகள். கடிக்காத கொசுக் குடும்பம். கூட்டுப்புழுவின் வால் நுனியில் பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு வட்டு இருந்தது. கடல்வாழ் இனங்களுக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்ட உறுப்பு, நன்னீர் ஏரியில் கிடைத்தது. உயிரோடு இருக்கும் இனங்களைப் பிடித்து, கூறு போட்டு, படம் வரைந்து வைத்தவர்கள் இல்லாவிட்டால் அது வட்டு என்றே தெரிந்திருக்காது, கல்லில் ஒரு கறை. அந்த ஏரி இருந்த நாளில் ஆஸ்திரேலியாவும் பழனி மலையும் கோண்ட்வானா என்ற ஒரே நிலத்தில் இருந்தன.

கொடைக்கானல் ஈயின் பயணம் ஆம்ஹர்ஸ்டோடு நிற்கவில்லை. அலெக்சாண்டரின் சேகரிப்பு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போனது. சூசைநாதன் பிடித்த பூச்சிகளில் பல அவர் பெயரையே ஏற்று ‘நாதனி’ ஆகியிருக்கின்றன. அந்த மரியாதை சரிதான். ஆனால் கொடைக்கானலில் இன்று ஒரு மாணவி ஈயைப் பிடித்து, இது புதிதா என்று கேட்டால், ஒப்பிட வேண்டிய இறக்கை உலகின் மறுபக்கத்தில் கண்ணாடிச் சில்லில் இருக்கிறது. அந்தச் சில்லுகளின் நல்ல படங்கள் இங்கே கைக்கு எட்டினால்தான் வேலை நகரும்.

அவளுக்கு உள்ள ஒரே வசதி பொட்டலத்துச் சீட்டின் விவரம்தான். மாதமும் உயரமும் எழுதியிருப்பதால் அதே மாதம் அதே உயரத்தில் வலை வீசலாம். அந்த இடத்தில் இப்போது சோலை நிற்கிறதா, வெளிநாட்டு வாட்டில் மரம் நிற்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.