திமிசுக்கு எஞ்சின் வந்த கதை

கட்டுமானச் சாமான்களை வாடகைக்கு விடும் கடைகளில் இரண்டு இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நெட்டையாக, இடுப்பில் ரப்பர் மடிப்பு சுற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பது ரேம்மர். கனத்த இரும்புத் தட்டின் மேல் எஞ்சினைச் சுமந்து, அதிர்ந்தபடியே ஊர்ந்து போவது பிளேட் காம்பாக்டர். தோட்டத்தில் நடைபாதை போட நினைப்பவரும், வாசலில் பேவர் பிளாக் பதிக்க நினைப்பவரும் பெரும்பாலும் வாடகை குறைந்ததைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் மேஸ்திரி கைகாட்டியதை ஏற்றி வருவார்கள். இரண்டுமே மண்ணைக் கெட்டிப்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் அவை பிறந்த இடம் வேறு, பிறந்த காரணம் வேறு. எதை வீட்டுக்குக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு அந்தப் பிறப்பிலேயே பாதி விடை இருக்கிறது.

எஞ்சினுக்கு முந்தைய காலம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கைப்பிடி வைத்த கனமான கட்டை, அதைத் தூக்கிப் போட இரண்டு ஆள், முன்னால் தண்ணீர் தெளிக்க ஒருவர். நம் பக்கத்தில் அதைத் திமிசுக்கட்டை என்றார்கள். தரை போடுவதற்கு முன் திமிசு போடாத வீடு கிடையாது. தூக்கிப் போடுகிற அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கத்தான் மனிதன் முதலில் முயன்றிருப்பான் என்று தோன்றும். நடந்தது அப்படியில்லை. முதலில் அவன் நம்பியது எடையை.

1860களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் நீராவி ரோலர்கள் உருவாயின. அவற்றில் ஆரம்பகால இயந்திரம் ஒன்று நம் நாட்டுச் சாலைக்காகவே வரையப்பட்டது. கல்கத்தா நகரத்தின் பொறியாளர் கிளார்க், பர்மிங்காமைச் சேர்ந்த பாத்தோ என்பவருடன் சேர்ந்து 1863-ல் அதை வடிவமைத்தார். ரோச்செஸ்டர் நகரில் தாமஸ் ஏவ்லிங் 1867 வாக்கில் விற்கத் தொடங்கிய ரோலர்தான் பிறகு உலகெங்கும் உருண்டது. ஜல்லிச் சாலைக்கு அது போதும். களிமண் என்றால், உருளை மேல்தோலை மட்டும் மழமழவென்று அமுக்கிவிட்டுப் போய்விடும். ஒரு சாண் கீழே மண் பொலபொலவென்றே கிடக்கும். குழாய் பதித்த குறுகலான பள்ளத்துக்குள் அது இறங்கவே முடியாது.

களிமண்ணுக்கு வழி காட்டியவை ஆடுகள் என்று ஒரு கதை உண்டு. 1900களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில், கொத்திப் போட்டிருந்த எண்ணெய்ச் சாலை ஒன்றின் மீது பெரிய மந்தை நடந்து போக, ரோலரால் ஆகாதது குளம்புகளால் ஆனதாம். கதையில் எவ்வளவு கற்பனை கலந்ததோ, இயந்திரம் மட்டும் நிஜம். பெரிய மரக்கட்டையைச் சுற்றி ரயில் பாதை ஆணிகளை அடித்து உருட்டிப் பார்த்தார்கள். 1906-ல் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் அதன் தேர்ந்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆட்டுக்கால் ரோலர் என்று இன்றும் அணைக்கட்டு வேலைகளில் சொல்வது அதன் வாரிசைத்தான். குளம்பு அடியில் குத்தும். கெட்டியாக ஆக ஆக மேலே ஏறிவரும். அமுக்குவதைவிடப் பிசைவதுதான் களிமண்ணுக்குச் சரிப்படும் என்பது அதனால் தெரிந்துபோயிற்று.

மண்ணுக்கு எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது தெளிவாவதற்கு ஒரு பேரழிவு முன்னால் நடக்க வேண்டியிருந்தது. 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குத் தண்ணீர் தேக்கிய செயிண்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். உடைந்தது கான்கிரீட் அணை. அதற்கு மாற்றாக பூக்கே பள்ளத்தாக்கில் கட்ட முடிவானது மண் அணை. பயந்துபோன ஊருக்கு நடுவே மண்ணைக் கொட்டி அணை கட்டுகிறவர்கள், ஒவ்வொரு அடுக்கும் கெட்டியாக இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அங்கே வேலை பார்த்த பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் அதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்து, 1933-ல் பொறியியல் வார இதழ் ஒன்றில் தொடர் கட்டுரைகளாக எழுதினார்.

அவர் கையில் இருந்தது ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவாகக் கொள்ளும் உலோகக் குவளையும் இரண்டரை கிலோச் சுத்தியலும். மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 25 அடி. அடுத்த முறை அதே மண்ணில் இன்னும் கொஞ்சம் தண்ணீர், அதே 25 அடி. எடை போட்டுப் பார்த்தால், ஈரம் கூடக் கூட மண்ணின் அடர்த்தி ஏறுகிறது; ஓர் இடத்தில் உச்சம் தொடுகிறது; பிறகு இறங்குகிறது. காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கின்றன. அளவான ஈரம் அவற்றை வழுக்கி உட்கார வைக்கிறது. ஈரம் மிஞ்சினால் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது. எத்தனை அடி அடித்தாலும் மண் அல்வா மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். இன்று உலகத்துச் சாலை ஒப்பந்தங்களில் 95 சதவீதம் பிராக்டர் என்று எழுதுவது அந்த உச்சத்தில் 95 சதவீதம். இந்தியத் தரநிலையிலும் ஏறக்குறைய அதே குவளை, அதே சுத்தியல்தான்.

திமிசு போடும்போது முன்னால் தண்ணீர் தெளித்துப் போனவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். எவ்வளவு என்பதை அவர் கை சொல்லியது. பிராக்டர் அதைக் கோடாக வரைந்து காட்டினார்.

தூக்கிப் போடும் வேலைக்கு எஞ்சின் வந்தது இதே காலத்தில், ஜெர்மனியில். டிரெஸ்டன் நகரில் யோஹான் கிறிஸ்டியன் வாக்கர் என்ற கொல்லர் 1848-ல் தொடங்கிய பட்டறை, தலைமுறைகளுக்குப் பின் கட்டுமான இயந்திரத் தொழிலுக்கு வந்திருந்தது. அந்தக் குடும்பத்து ஹெர்மான் வாக்கர் 1930-ல் மின்சாரத்தால் இடிக்கும் ரேம்மரை உருவாக்கினார். சுழலும் மோட்டாரின் அசைவை மேலும் கீழுமாக மாற்றி, நடுவில் சுருள்வில்லை வைத்ததுதான் அதன் சூட்சுமம். மோட்டார் வில்லை அழுத்த, வில் காலை உதைக்க, இயந்திரம் முழுவதும் எம்பி விழுகிறது. சற்றே முன்சாய்வாக நிற்பதால் எம்பும் ஒவ்வொரு முறையும் ஓர் எட்டு முன்னால் வைக்கிறது. பிடித்திருப்பவர் வழி காட்டினால் போதும். இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டன் கையை விட்டுப் போக, நிறுவனம் பவேரியாவில் மீண்டும் வேர்விட்டது. பெட்ரோல் எஞ்சின் ஏறியபின் மின்கம்பியின் கட்டும் போயிற்று. இன்று கடையில் நிற்பது 60, 70 கிலோ எடையில், நிமிடத்துக்கு 600, 700 முறை இடிப்பது. சிறிய பாதம், பலத்த அடி. குறுகிய பள்ளத்துக்கும் களிமண்ணுக்கும் ஏற்ற உடல்வாகு அது.

அதே ஜெர்மனியில் டெல்மாக் நிறுவனத்தின் ‘தவளை’ என்ற வெடி ரேம்மரும் இருந்தது. அரை டன், ஒரு டன் எடை; உள்ளே எரிபொருள் வெடிக்க, எம்பிக் குதிக்கும். ஆட்டோபான் நெடுஞ்சாலைகளின் மண்மேடுகளில் அது குதித்துத் திரிந்தது. வேடிக்கை பார்க்க அருமையாக இருந்திருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம்.

ஆட்டோபான் கொண்டுவந்த பெரிய மாற்றம் வேறு. வடஜெர்மனியில் பல இடங்களில் தரை மணல். மணலை இடித்தால் பக்கவாட்டில் விலகி ஓடும். ஓர் இடம் தாழ, பக்கத்து இடம் எழும். பெர்லினில் மண் இயக்கவியல் ஆய்வுக் கழகமான டெகெபோவில், எடை ஒருபக்கமாகச் சாய்ந்த சக்கரத்தைச் சுழற்றித் தரையை அதிரவைத்துப் பார்த்தார்கள். அதிரும் கணத்தில் மணல் துகள்களின் பிடி விட்டுப்போகிறது. சின்னது பெரியதன் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1930களில் தட்டு அதிர்வு இயந்திரங்கள் இந்த வழியில் வந்தவை. முதலில் வந்தவை டன் கணக்கில் கனத்தவை. இன்றைய சிறிய பிளேட்டின் எடை 60 முதல் 100 கிலோ; நிமிடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் அதிர்வு. தட்டுக்குள் சாய்ந்த எடை சுழலும் வேகமே இயந்திரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது. பின்னாலும் போகக்கூடிய பெரிய ரகத்தில் இப்படி இரண்டு தண்டுகள் எதிரெதிராகச் சுழலும். வீட்டு வேலைக்கு அது அதிகம்.

வீட்டு வாசலுக்கு பிளேட் வந்து சேர்ந்ததற்குக் காரணம் கான்கிரீட் கல். போருக்குப் பின் நெதர்லாந்தில் சாலைக்குப் பதிக்கச் செங்கல் கிடைக்காமல் கான்கிரீட் கல் வார்த்தார்கள். ஜெர்மனியில் அது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வடிவம் எடுத்தது. கல்லை மணலில் சமமாக உட்கார வைக்கவும், இடுக்கில் மணலை இறக்கவும் அதிரும் தட்டைவிடச் சிறந்தது இல்லை.

இனி உங்கள் தோட்டம். முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். விரலில் ஒட்டி, கயிறாகத் திரண்டால் களி, ரேம்மர் எடுங்கள். எவ்வளவு இறுக்கினாலும் திரளாமல் உதிர்ந்தால் மணல் அல்லது கிராவல், பிளேட் போதும். ஈரத்துக்கும் அதே கைதான் சோதனை: இறுக்கிப் பிடித்த களி உருண்டையை உடைத்தால் இரண்டு மூன்று துண்டாக வேண்டும். தூளானால் தண்ணீர் தெளியுங்கள். உள்ளங்கை நனைந்தால் இயந்திரத்தை அன்று வாடகைக்கு எடுக்காதீர்கள். ஒருநாள் காயவிடுவது லாபம். கடற்கரை மணலில் ஒரு விசித்திரம்: லேசான ஈரத்தில் அது உப்பிக்கொண்டு இறுக மறுக்கும். நன்றாக நனைத்துவிட்டு பிளேட்டை ஓட்ட வேண்டும்.

கரிசல் நிலமா? எந்த இயந்திரமும் அதன் குணத்தை மாற்றாது. காய்ந்த நிலையில் இறுக்கி வைத்தால் மழையில் இன்னும் அதிகமாக வீங்கித் தரையைத் தூக்கும். மேல்மண்ணை அகற்றி கிராவல் நிரப்பி, அதை இறுக்குவதே வழி.

பேவர் போடுகிறவர்கள் செய்யும் தவறு, பிளேட்டைக் கல்லின் மேல் மட்டும் ஓட்டுவது. ஓட்ட வேண்டிய முதல் இடம் கீழே, ஜல்லி அடுக்கில். சிறிய பிளேட்டுக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் ஓர் அடுக்கு எட்டாது. ஓரடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே ஓட்டினால் அடுத்த மழையில் கல் குழியும். கல்லுக்கு அடியில் விரிக்கும் மெல்லிய மணலை இறுக்காமல் மட்டம் மட்டும் பார்த்து விட்டுவிடுங்கள். கல் பதித்தபின் அதிர்வில் அது தானே உட்காரும். அப்போது தட்டுக்கு அடியில் ரப்பர் மெத்தை மாட்டச் சொல்லுங்கள், கல்லின் முனை உடையாது. ரேம்மரைக் கல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. புதிதாகப் பதித்த பிவிசி குழாய்க்கு மேலும் குறைந்தது ஓரடி மண் மூடும்வரை அது வேண்டாம், அதுவரை கைத்திமிசுதான்.

செடி வைக்கப்போகும் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இயந்திரம் அந்தப் பக்கம் திரும்பக்கூடக் கூடாது. மண்ணிலிருந்து நாம் விரட்டும் காற்று, வேருக்கு மூச்சு. ஒருமுறை நன்றாக இறுகிவிட்ட களிமண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவர கடப்பாரையும் மட்கிய எருவும் சில மழைக்காலங்களும் வேண்டியிருக்கும்.