ஜனாஸா எரிப்பு (இலங்கை, 2020–21)

ஜனாஸா என்பது முஸ்லிமின் பூதவுடல். கொவிட்-19 தொற்றால் இறந்தோரை எம்மதத்தவராயினும் எரித்தே ஆகவேண்டும் என இலங்கை அரசு விதித்திருந்த கட்டாயம். அடக்கம் செய்வதைச் சமூகக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களை அது நிலைகுலையச் செய்தது.

இதன் சட்ட வேர் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிய மறுவருடம் பிறந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரைத் தமிழகக் கரையின் மண்டபம் முகாமில் தடுத்துவைத்த அதே காலனித்துவ மனப்பாங்கே இச்சட்டத்துக்கும் அடிப்படை.

2020 மார்ச் 2இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, 20இல் ஊரடங்கு. தொற்றுத் தடுப்புச் செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதி தலைவரானார். தேர்தல் ஓகஸ்ட் 5 வரை தள்ளிப்போக, அதுவரை கேள்வி கேட்க மன்றமே இல்லை.

அடக்கம் செய்யலாம் என மார்ச் 24இலேயே உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. ஆயினும் நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் கூறி, ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. குளிப்பாட்டல், கஃபன் (சவத்துணி), மையவாடி (முஸ்லிம் அடக்கத்தலம்) எல்லாம் பறிபோயின. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. உறவினர் பொறுப்பேற்க மறுத்த உடல்கள் கொழும்புப் பிணவறையில் சேர்ந்தன. அவற்றையும் அரசே எரித்தது. அதே மாதத்தில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையின் உடல் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். எதிர்ப்பு நாடெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு, எரிப்பு நடந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரில், கிழக்கின் முஸ்லிம் எம்.பி.க்கள் சிலரும் கைதூக்கியதை இங்கே சொல்லாமல் விட முடியாது. மக்கள் வேறு வழி கண்டார்கள். 2021 பெப்ரவரி 3இல் தொடங்கிய பொத்துவில்–பொலிகண்டிப் பேரணி அக்கரைப்பற்று, கல்முனை வழியே சென்றபோது, தமிழரின் கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பு நிறுத்தமும் ஒலித்தது. போர்க்காலத் தமிழ்–முஸ்லிம் பகை ஆறாத கிழக்குக் கரையில் அது பெரிய காரியம்.

பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன மறுநாள், பெப்ரவரி 25இல், அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அடக்கத்துக்கென அரசு முதலில் காட்டிய வடக்கின் இரணைதீவை அங்குள்ள மக்கள் எதிர்த்தனர். மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு, அம்பாறைக் கரையோர ஜனாஸாக்கள் சொந்த ஊர் மையவாடியைத் தாண்டி அங்கேதான் போயின.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்பது அரசின் கணக்கு. மன்னிப்பு மட்டும் போதாது: விஞ்ஞானத்தின் பெயரால் இம்முடிவை எடுத்தவர்கள் விசாரிக்கப்பட வேண்டும், 1897ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.