லிந்துலைத் தவறணைகள்: நாற்று வளர்த்த குடும்பங்களும் நில உரிமையும்

மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களைக் கொண்டும், கூலிப் போராட்டங்களைக் கொண்டும், குடியுரிமைச் சட்டங்களைக் கொண்டுமே எழுதப்பட்டு வந்துள்ளது. இவை யாவும் இன்றியமையாதனவே. எனினும், மலைச்சரிவுகளை மூடி நிற்கும் கோடிக்கணக்கான தேயிலைச் செடிகளுள் ஒன்றேனும் தானாக முளைத்து நின்றதன்று. ஒவ்வொன்றும் ஒரு நாற்றாக ஒருவரது கையில் வளர்ந்து, பின்னரே மலையேறியது. அந்நாற்றுகள் வளர்ந்த இடம் எது, வளர்த்தோர் யாவர், அத்தொழிலால் அவர்கள் பெற்றது யாது என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, மலையக வரலாற்றின் மற்றொரு பக்கம் புலனாகின்றது.

நாற்றுமேடையைத் தோட்டத்து மக்கள் 'தவறணை' என வழங்குவர். நகரத்தார்க்கு அச்சொல் மதுக்கடையை நினைவூட்டலாம். தோட்டத்தார்க்கோ அது நிழற்பந்தலின் கீழ் நாற்றுகள் வரிசையாக நிற்கும் ஈரமான இடமாகும். நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையை அடுத்து அக்கரபத்தனைப் பக்கமாக விரிந்து கிடக்கும் லிந்துலைப் பகுதி இத்தகைய தவறணைகளின் வரலாற்றை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது. பம்பரகலை, ஹென்போல்ட், வோல்ட்றிம் முதலிய தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதி, கோப்பி, சின்கோனா, தேயிலை என்னும் மூன்று பயிர்களின் எழுச்சி வீழ்ச்சிகளைக் கண்ட திம்புளைப் பிரதேசத்தின் ஒரு கூறாகும்.

பெருந்தோட்டப் பயிர்களின் பரவலுக்குப் பின்னணியில் நின்றவை அரச தாவரவியற் பூங்காக்களாகும். பேராதனைப் பூங்கா 1821-ஆம் ஆண்டிலும், ஹக்கலைப் பூங்கா 1861-ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைத் தரும் சின்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்த்தற்பொருட்டே ஹக்கலை தொடங்கப்பட்டது. இதே காலத்தில் இலண்டன் மருத்துவரான நதானியல் வார்ட் கண்டறிந்த மூடிய கண்ணாடிப் பெட்டி, செடிகளைக் கடல் கடந்து உயிருடன் கொண்டு செல்லும் வழியைத் திறந்துவிட்டது. ஒரு சிறு கண்ணாடி வீட்டைக் கப்பலேற்றியது போன்றதே அவ்வேற்பாடு. ரொபேர்ட் போர்ச்சூன் சீனத்துத் தேயிலை நாற்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டு சேர்த்ததும் இப்பெட்டிகளின் துணைகொண்டே. ஆகவே, பேரரசின் விவசாயம் கண்ணாடியின் கீழும் நிழற்பந்தலின் கீழும் பிறந்தது எனல் மிகையாகாது.

1869-ஆம் ஆண்டில் இலங்கையில் இனங்காணப்பட்ட கோப்பியிலை நோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலை அழித்தொழித்தது. அவ்விடர்க்காலத்தில் தோட்டங்களைக் காப்பாற்றியவை தவறணைகளே. கோப்பி பட்ட நிலத்தில் முதலிற் சின்கோனா நடப்பட்டது. 1886-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 150 இலட்சம் இறாத்தல் சின்கோனாப் பட்டை ஏற்றுமதியாயிற்று. உலகச் சந்தையிற் பட்டை மிகுந்து விலை வீழ்ந்ததும் அதுவும் கைவிடப்பட்டது. 1867-ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அதன் பின்னர் மலைநாடெங்கும் பரவியது. 1885-ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானு ஓயாவை எட்டியமை லிந்துலைத் தோட்டங்களுக்குப் பெருந்துணையாயிற்று. இவ்வாறு ஒரு தலைமுறைக் காலத்துள் மூன்று பயிர்கள் மாறின. பயிர் மாறிய ஒவ்வொரு வேளையிலும் இலட்சக்கணக்கான புதிய நாற்றுகள் வேண்டப்பட்டன. அவற்றை வளர்த்தவை, தென்னிந்தியாவினின்றும் வந்து லயன்களிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் கைகளே.

வித்திலிருந்து தேயிலை நாற்றெடுத்தல் நுட்பமான தொழில். வித்துகளை முதலில் நீரிலிடுவர். மிதப்பவற்றை நீக்கி, மூழ்குபவற்றையே தெரிந்தெடுப்பர். அவற்றை ஈரமணலிற் பரப்பி, ஓடு வெடித்தவுடன் மேடைகளிற் பதிப்பர். மேலே பன்னத்தழையால் நிழலமைத்து, நாற்று வலுப்பெறப் பெற அந்நிழலைச் சிறிது சிறிதாகக் குறைப்பர். நிழலை ஒரேயடியாக அகற்றினால் நாற்றுக் கருகும். அகற்றாது விட்டால் மெலியும். நீர் மிகின் வேர் அழுகும். குறையின் தளிர் வாடும். இவ்வளவும் நூல்கொண்டு கற்றதன்று. தாய் செய்வதை மகளும், தந்தை செய்வதை மகனும் பார்த்துப் பழகிய அறிவு அது.

இவ்விடத்து உலகின் பிறபகுதிகளில் இதே தொழில் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. இங்கிலாந்தின் எக்சிற்றர்ப் பகுதியில் 1808-ஆம் ஆண்டில் ஜோன் வீச் தொடங்கிய நாற்றுப்பண்ணை, அவரது வழித்தோன்றல்களாற் பல தலைமுறை நடத்தப்பெற்று, உலகின் பல திசைகளுக்கும் செடி தேடுவோரை அனுப்பும் அளவுக்கு உயர்ந்தது. அதன் செல்சிக் கிளை 1914-ஆம் ஆண்டு வரை இயங்கியது. இலங்கையிலும் இத்தகைய முயற்சி இல்லாமலில்லை. பிரேசிலின் இறப்பர் 1876-ஆம் ஆண்டில் வந்திறங்கிய ஹெனரத்கொடைப் பகுதியில், ஜே. பி. வில்லியம் சகோதரர் என்னும் குடும்ப வணிகத்தார் இறப்பர் வித்துகளையும் வெப்பவலயச் செடிகளையும் பிறநாடுகளுக்கு விற்றுப் புகழ் பெற்றனர். இவ்விரு குடும்பங்களிடமும் இருந்தவை இரண்டு: ஒன்று செடி வளர்க்கும் அறிவு, மற்றையது அச்செடி நிற்கும் நிலம். லிந்துலைக் குடும்பங்களிடம் முதலாவது நிறைந்திருந்தது; இரண்டாவது அறவே இல்லை. வீச் குடும்பத்தில் மகன் பெற்றது ஒரு பண்ணை. லிந்துலையில் மகன் பெற்றது தவறணையில் ஒரு நாட்சம்பள வேலை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைந்தது. 1925-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், பின்னர் தலவாக்கலை செயின்ட் கூம்ப்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. லிந்துலைக்கு அண்மையிலுள்ள இந்நிலையத்தின் முயற்சியால், வித்துக்குப் பதிலாகத் தாய்ச்செடியின் தண்டிலிருந்து நாற்றெடுக்கும் முறை வளர்ந்தது. ஓர் இலையும் அதனடியில் ஒரு கணுவும் கொண்ட சிறு துண்டு வெட்டப்பட்டு, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் நடப்படும். அத்துண்டு வேர்விட்டு எழும் செடி, தாயின் பண்பை முற்றும் ஒத்திருக்கும். 2023, 2024, 2025, 2026 முதலிய எண்களால் வழங்கும் '2020 வரிசை' இனங்கள் இவ்வாறே பரவின. உறை நிரப்புதல், துண்டு வெட்டுதல், நீர் தெளித்தல், களை பிடுங்கல் ஆகிய வேலைகளிற் பெண்களின் உழைப்பே பெரும்பங்கு வகித்தது. விஞ்ஞானியின் முடிவு செயலாவதற்கு அவர்களது விரல்களின் பயிற்சி இன்றியமையாததாயிற்று. ஆயினும், நாற்றைப் பற்றிய கணக்கேடுகளில் அவர்கள் 'ஆட்கள்' என்ற எண்ணாக மட்டுமே இடம்பெற்றனர்.

நிலமின்மையோடு நாடின்மையும் சேர்ந்துகொண்டது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்கும் நோக்கில், நீலகிரியில் 1968-ஆம் ஆண்டு தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கியது. தலைமுறைகளாகச் சேர்ந்த கைத்திறனும் அம்மக்களோடு கடல் கடந்தது. இங்கே எஞ்சியோர் வாழ்விலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975-ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992-இல் அவற்றின் நிருவாகம் மீண்டுந் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தின் உடைமையாளர் மாறினர். தவறணையில் நின்றவர்கள் மாறவில்லை.

எனினும், தமக்கென ஒரு சிறு தவறணையை இம்மக்கள் எப்பொழுதுமே வைத்திருந்தனர். லயத்தின் பின்புறத்தும், ஓடைக்கரையிலும், தேயிலை நடாது விடப்பட்ட மூலைகளிலும் அமைந்த மரக்கறித் துண்டுகளே அவை. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாக வாட்டிய வேளையில், இத்துண்டுகளின் அருமை நன்கு உணரப்பட்டது. கோவாவும் லீக்சும் முதலில் நாற்றாக வளர்ந்து பின்னர் பிடுங்கி நடப்பட வேண்டியவை. தேயிலைத் தவறணையிற் கற்ற நிழலும் நீரும் பற்றிய அறிவு இங்கே குடும்பத்தின் சொந்தப் பயனுக்கு உதவியது. இன்று நுவரெலியா மாவட்டத்தில் பொலித்தீன் கூடாரங்களின் கீழ்க் குடைமிளகாயும் ஸ்ட்ரோபெரியும் பூச்செடிகளும் வளர்க்கப்படுதல் காணலாம். வார்ட்டின் கண்ணாடிப் பெட்டியின் எளிய வழித்தோன்றல் எனத்தக்க இக்கூடாரம், ஒரு குடும்பம் சொந்தமாக நடத்தக்கூடிய அளவினது.

அவ்வாறாயின், லிந்துலையில் குடும்ப நாற்றுப்பண்ணைகள் ஏன் ஒரு தொழில்மரபாக வேரூன்றவில்லை? விருப்பமின்மையோ அறிவின்மையோ இதற்குக் காரணமன்று என்பதைத் தென்னிலங்கையின் அனுபவம் தெளிவாக்குகின்றது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலைச் சிற்றுடைமையாளர் பெருகினர். அவர்களுக்கெனத் தனி அதிகாரசபை அமைக்கும் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது. அங்கே குடும்பங்கள் பதிவுபெற்ற தவறணைகளை நடத்தி, அயலாருக்குத் தேயிலை நாற்று விற்கின்றன. இன்று நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சிற்றுடைமைகளிலிருந்தே கிடைக்கின்றது. செயின்ட் கூம்ப்சில் வளர்ந்த முறை, அதன் வேலியருகே வாழ்ந்த மக்களுக்குக் கூலியாகவும், தொலைவில் வாழ்ந்த மக்களுக்குச் சொந்தத் தொழிலாகவும் பயன்பட்டது. அங்கே வீட்டைச் சூழ்ந்த மண் வீட்டாருடையது; இங்கே லயத்தைச் சூழ்ந்த மண் தோட்டத்துடையது.

நாற்றுத்தொழிலுக்குப் பெருநிலம் வேண்டியதில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களிலே தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி என்னும் அளவு வகுக்கப்பட்டது. 160 பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர். எனவே இது ஏக்கரில் இருபதில் ஒரு பங்கிலும் குறைவு. இக்காணி ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக, எஞ்சுவது 1,350 சதுர அடி. அதிற் பாதியைப் பாதைக்கும் நீர்த்தொட்டிக்கும் விட்டு, ஒரு நாற்றுக்கு நான்கு அங்குலச் சதுரம் ஒதுக்கினாலும், ஆறாயிரம் நாற்றுகள் நிற்கும். ஒரு ஹெக்டெயர் தேயிலைக்கு ஏறத்தாழ 12,500 செடிகள் வேண்டும். ஆகவே, ஒரு வீட்டுப் பின்புறமே ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நாற்றுத் தரவல்லது.

காணி மட்டுங் கிடைத்தால் தொழில் தானே எழுந்துவிடுமோ என ஐயுறுவோரும் உளர். அவ்வையம் நியாயமானதே. முதல் வேண்டும், நீர் வேண்டும், நாற்றை வாங்குவோர் வேண்டும். ஆயின், முதலுக்குக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்வோரிடம் வங்கி முதலிற் கேட்பது காணியுறுதியையே. கூடாரம் அமைப்பதற்குக் கம்பு நாட்டுவோர், நாளை அவ்விடத்தை விட்டு எழுப்பப்படுவாரோ என்று அஞ்சாதிருத்தல் வேண்டும். நாற்றுத்தொழில் பல ஆண்டுப் பொறுமையை வேண்டுவது. இருப்பு உறுதியில்லாதவர் பொறுமை காத்தல் அரிது. ஆதலின், எல்லை அளந்து முறைப்படி எழுதிக் கொடுக்கப்படும் உறுதி என்பது வெறுங் காகிதமன்று. தொழிலின் முதல் மூலதனம் அதுவே.

லிந்துலையின் தவறணைகள் நூற்றைம்பது ஆண்டுக்காலத்தில் ஒரு நாட்டின் செல்வத்தை வளர்த்தெடுத்தன. அவற்றை வளர்த்தோர், உறையிலிட்ட நாற்றைப் போல, வேருக்கு அளந்து விடப்பட்ட மண்ணிலேயே நின்றனர். உறையில் நெடுநாள் நிற்கும் நாற்றின் வேர் சுருண்டு தன்னையே சுற்றிக்கொள்ளும் என்பதையும், உரிய பருவத்தில் உறையைக் கிழித்து நிலத்தில் நடாவிடின் அது மரமாகாது என்பதையும் அவர்களை விட நன்கறிந்தோர் இலர். அப்பருவம் கடந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன.