நியாயாசன நியமனமும் குடிகளின் உரிமையும்

பினாங்கு லைட் வீதியில் நியாயஸ்தலத்தருகே நிற்கும் ஞாபகச் சின்னம் யாருக்கு எழுப்பப்பட்டதென்பதை நம்மவருள் நூற்றுக்கொருவர் அறிந்திருப்பாரோ என்பது ஐயமே. வெள்ளையரல்லாதார் உரிமைக்காக வாதாடி 1869-இல் மறைந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வக்கீலின் சின்னம் அது. சர்க்காரை எதிர்த்து நிற்கும் வக்கீல் இந்நாட்டிற்குப் புதியவரல்லர் என்பதற்காகவே இதைக் குறித்தோம். நாம் சொல்லவந்தது, 1988-இல் இந்நாட்டு வக்கீல்கள் தலைமை நியாயாதிபதி ஒருவரின் நியமனத்தை எதிர்த்த வரலாறு.

1987 அக்டோபர் 27 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்படுத்தப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட், பி. பட்டு, பினாங்கு வக்கீல் கர்ப்பால் சிங் ஆகியோரும் அவருள் அடங்குவர். 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நியாயஸ்தலம் கர்ப்பால் சிங்கை விடுவித்தது. அன்றே அவர் மீண்டும் பிடிக்கப்பட்டார். இத்தகைய நாளில் ஒரு குடியானவனுக்குக் காவலாக எஞ்சியிருப்பது நடுநிலை தவறாத நியாயாதிபதி ஒருவரே அன்றோ?

அவ்வாண்டு மே மாதத்தில் உச்ச நியாயஸ்தலத் தலைவர் துன் சாலே அபாஸ் பதவியினின்று நிறுத்திவைக்கப்பட்டார். ஆளுங்கட்சியாகிய அம்னோவின் வழக்கை ஒன்பது நியாயாதிபதிகள் கேட்பரென்று அவர் நாள் குறித்திருந்தார். பதில் தலைவராக வந்த அப்துல் ஹமீது ஓமார் அதனை ஒத்திவைத்தார். சாலே அபாஸை விசாரிக்க ஏற்பட்ட அறுவர் மன்றத்திற்கும் அவரே தலைவரானார்.

இதன் விபரீதத்தைத் தோட்டத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. பெரிய கிராணிமீது பிராது. விசாரிப்பவர், அவர் போனால் அந்த நாற்காலியில் அமரப்போகும் சின்னக் கிராணி! அவ்விசாரணையை எந்தத் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியாவது நம்புவானா? வரிசைப்படி அடுத்தவர் அவரே என்றனர் சர்க்கார் தரப்பினர். வரிசையை எவரும் மறுக்கவில்லை. ஆதாயம் பெறுவோன் தீர்ப்புச் சொல்லலாகாதென்பதே ஆட்சேபம். சாலே அபாஸ் அம்மன்றத்தின்முன் தோன்ற மறுத்தார். சிங்கப்பூர் நியாயாதிபதி டி. எஸ். சின்னத்துரையும் அறுவருள் ஒருவர். நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக நாம் பெருமைகொள்ள அங்கே ஒன்றுமில்லை.

ஜூலை 2-ஆம் நாள் உச்ச நியாயஸ்தலத்தின் ஐந்து நியாயாதிபதிகள் கூடி அம்மன்றத்திற்குத் தடையுத்தரவு பிறப்பித்தனர். முத்திரை பூட்டி வைக்கப்பட்டிருந்தமையால், தம் உத்தரவில் முத்திரையிடுவதற்கே அவர்கள் போராட வேண்டியதாயிற்று. சில நாட்களில் ஐவரும் நிறுத்திவைக்கப்பட்டனர். ஆகஸ்டில் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். பின்னர் ஐவருள் வான் சுலைமான், ஜார்ஜ் சியா இருவரும் நீக்கப்பட்டனர். நவம்பரில் ஹமீது ஓமாரே உச்ச நியாயஸ்தலத் தலைவராக நியமிக்கப்பெற்றார்.

வக்கீல்கள் சும்மா இருக்கவில்லை. ஜூலையிலேயே ஹமீது ஓமார்மீது நம்பிக்கையில்லையென்று தீர்மானம் செய்தனர். தடையுத்தரவைக் குறுக்கிட்டாரென்று அவர்மீதே நியாயஸ்தல அவமதிப்பு வழக்கும் கொணர்ந்தனர். அது தள்ளுபடியாயிற்று. அதற்குப் பிரமாண வாக்குமூலம் கொடுத்த சங்கக் காரியதரிசி மஞ்சீத் சிங் தில்லன்மீதோ அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டு 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டது. நியமனம் நின்றதா? இல்லை. ஹமீது ஓமார் 1994 வரை அப்பதவியில் இருந்தார். ஆனால் அவரது நியமனம் ஏகமனதாக ஏற்கப்பட்டதென்று எழுத எந்தச் சரித்திரக்காரனுக்கும் இனி வழியில்லை.

1989-இல் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. சிறைப்படுத்தியது முறைதானா என்று நடைமுறைப் பிழையளவுக்கு மேல் நியாயஸ்தலம் கேட்கக்கூடாதென்றாயிற்று. வக்கீல்கள் அஞ்சியது வீண் அச்சமன்று. அச்சட்டம் 2012-இல்தான் ஒழிந்தது.

2008-இல் பிரதமர் அப்துல்லா அகமது படாவி, பாதிக்கப்பட்ட அறுவருக்கும் நல்லெண்ணத் தொகை வழங்கப்படுமென்று அறிவித்தார். மன்னிப்பென்னும் சொல் அதில் இல்லை. அவருள் ஒருவரான பினாங்குக்காரர் யூசோஃப் அப்துல்காதர், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரில் காலமாகிவிட்டார்.