நிருபம்

சித்தூர், திருப்பதிப் பக்கம் தமிழும் தெலுங்கும் புழங்கும் கிறிஸ்தவர் வீடுகளில் பவுலின் கடிதங்களுக்கு இரண்டு பெயர். தமிழ் வேதாகமத்தில் ‘நிருபம்’, தெலுங்கில் ‘பத்திரிக’. ஓரத்தில் மஞ்சள் தடவி நீட்டுகிறார்களே, அந்தக் கல்யாண அழைப்பும் அங்கே பத்திரிகதான்.

நிருபம் வடமொழி வழி வந்த சொல். கடிதம் என்றும் பொருள், மேலிடத்து எழுத்துமூல உத்தரவு என்றும் பொருள். கத்தோலிக்கரின் ‘திருமுகம்’ இன்னும் கம்பீரமானது. சோழர் கல்வெட்டுகளில் அரசாணை ஓலைக்கு அதுவே பெயர். கிரேக்க மூலமான ‘எபிஸ்தொலே’யோ வெறுமனே ‘அனுப்பப்பட்டது’.

உத்தரவா, கடிதமா? சபை வாழ்க்கைக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்ட கொரிந்தியர் முதல் நிருபம், குலோவேயாளின் வீட்டார் கொண்டுவந்த சண்டைச் செய்திக்கும், கொரிந்தியர் எழுதிக் கேட்டவற்றுக்கும் பதில். அங்கே கர்த்தருடைய பந்தியில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். பவுலைக் கொதிக்கவைத்தது இது. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். சாதி பார்த்துப் பந்தி பிரித்த நம் ஊர்ச் சபைகளுக்கு இதைவிட நேரான கடிதம் கிடையாது.

அதே நிருபத்தின் 14ஆம் அதிகாரம் சபையில் பெண்கள் பேசாமலிருக்கச் சொல்கிறது. உத்தரவாக மட்டும் படித்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். 11ஆம் அதிகாரத்திலோ பெண்கள் ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நியாயம். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக 2013இல் புஷ்பா லலிதா பொறுப்பேற்றது இதே ஆந்திரத்தில், நந்தியாலில்.