வண்ணக்கரும் தரச்சான்றும்: திருவிதாங்கூர்ச் சிறுநாணயங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட நாணயங்களுள் வெள்ளிச் சக்கரம் அளவிற் சிறியது, புழக்கத்திற் பெரியது. அரைக் கிராமுக்கும் குறைந்த எடையும் துவரம்பருப்பினும் சற்றே கூடிய அகலமும் கொண்ட இக்காசைக் கையால் எண்ணுவது எளிதன்று. ஆதலின் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் அகழப்பட்ட மரப்பலகை ஒன்று அங்குப் பயன்பட்டது. பலகைமேல் காசுகளைக் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாகச் சக்கரங்கள் தங்கும், எஞ்சியவை வழிந்துவிடும். குழிகளின் எண்ணிக்கையே காசுகளின் எண்ணிக்கை. தனித்தனியே எவரும் நோக்காத இக்காசு, இன்று சேகரிப்பாளர் கையில் தனித்தனியே நோக்கப்படுகின்றது. அதனைத் தொழில்முறை மதிப்பீட்டாளரிடம் அனுப்பி, எண்வழித் தரம் பெற்று, திறக்கவியலாத கண்ணாடி நெகிழிப் பேழையில் அடைத்துவைக்கலாமா என்பது சேகரிப்பாளரிடையே எழும் வினா. விலை பற்றியதாகத் தோன்றும் இவ்வினா, வரலாற்றுச் சான்று பற்றியதுமாகும். தமிழ் மரபில் தரமறிதல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதோடு ஒப்பிட்டே அதற்கு விடை காண இயலும்.

எண்வழித் தரத்தின் தோற்றம்

இன்று உலகெங்கும் வழங்கும் 70 புள்ளி அளவுகோலை வகுத்தவர் வில்லியம் செல்டன் என்னும் அமெரிக்கர். தொடக்க கால அமெரிக்கச் செப்புக் காசுகளைப் பற்றி 1949இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்வளவுகோல் இடம்பெற்றது. அவ்வெண்கள் முதலில் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தன என்பது ஊன்றி நோக்கத்தக்கது. மிகத் தேய்ந்த காசின் அடிப்படை விலை ஒரு மடங்கு எனின், குறையற்ற காசின் விலை அதனினும் 70 மடங்கு என்பதே அவர் கணக்கு. விலைகள் பின்னர் மாறின. எண்கள் மட்டும் நிலைத்தன. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் தோன்றி, மூன்றாம் தரப்பினர் தரமிட்டுப் பேழையில் அடைக்கும் வழக்கத்தை நிலைநாட்டின. என்.ஜி.சி.யின் குழுமத்தைச் சார்ந்த சி.ஜி.சி. 2000ஆம் ஆண்டில் படக்கதை இதழ்களுக்கும் இம்முறையை 10 புள்ளி அளவில் விரித்தது. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் தொடக்க இதழ்களைத் தேடுவோரும் இன்று தாளின் மஞ்சளிப்பையும் முதுகுக் கிழிசலையும் பற்றி உரையாடுவது இம்முறையின் செல்வாக்கினாலேயே எனலாம். ஆயின் பேழையிலிட்ட படக்கதையை எவரும் புரட்டிப் படிக்க இயலாது. பேழையிலிட்ட காசுக்கும் அத்தகைய இழப்பு உண்டா என்பது பின்னர்க் காட்டப்படும்.

தமிழ் மரபில் தரமறிதல்

காசின் நன்மை தீமைகளை நோக்கி அறிவோரைச் சங்க காலம் ‘வண்ணக்கர்’ என வழங்கியது. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் முதலிய புலவர் பெயர்கள் அத்தொழிற்பெயரைத் தாங்கி நிற்கின்றன. நாணய நோட்டம் புலமையோடு ஒருங்கு வாழ்ந்த தொழில் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பொன்னின் மாற்றறியும் கட்டளைக்கல்லைத் திருக்குறள் (505) மாந்தரை அளக்கும் உவமையாக்கியதும் அத்தொழில் அன்றாட வாழ்வில் அறியப்பட்டிருந்தமையைக் காட்டும்.

கல்வெட்டுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. சோழர், பாண்டியர் காலச் சாசனங்களில் ‘துளைப்பொன்’, ‘தீப்போக்குச் செம்பொன்’, ‘அன்றாடு நற்காசு’, ‘நற்பழங்காசு’ போன்ற தொடர்கள் பயில்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு தரக்குறிப்பே. தீப்போக்குச் செம்பொன் என்பது தீயிலிட்டுச் சோதித்த பொன். அன்றாடு நற்காசு என்பது அந்நாளில் தடையின்றிச் செல்லும் நல்ல காசு. பிற்காலப் பாண்டி நாட்டு ஆவணங்களில் ‘வாசி படா நற்பணம்’ எனவும் வரும். வாசியாவது ஒரு நாணயத்தை மற்றொன்றாக மாற்றும்போது கழிக்கப்படும் வேறுபாடு. அத்தகைய கழிவுக்கு இடந்தராத பணம் என்று ஆவணம் எழுதுவோர் உறுதி கூறினர். காசின் தரம் காலத்தோடும் இடத்தோடும் பிணைந்தது என்ற உணர்வு ‘அன்றாடு’ என்னும் ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது. வேணாட்டுச் சாசனங்களில் காணப்படும் ‘பழஞ்சலாகை அச்சு’ என்பதும் இவ்வகையினதே.

தரத்தைச் சொல்லால் விரித்துரைக்கும் முறைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசனும் பிறரும் அளித்த அணிகலன்களைப் பதிவு செய்யும் அக்கல்வெட்டுகள் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனப் பிரிக்கின்றன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளியின் வேறுபாட்டையும் குறிக்கின்றன. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகளை ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தனர். கோத்த சரடு நீக்கி நிறுத்தது இது, அரக்கும் பிஞ்சும் உட்பட நிறுத்தது இது என்னும் வேறுபாடும் விடுபடவில்லை. கறடும் இரட்டையும் குறையுள்ள முத்துகள். அவற்றையும் அரசன் கொடையில் மறைக்காது எழுதினர். இப்பதிவை வாசித்து, அதே எடைக்கல்லால் அப்பொருளை மீண்டும் நிறுத்து எவரும் சரிபார்க்கலாம். தரம் கல்லில் நின்றது. பொருள் திறந்தே இருந்தது.

சக்கரமும் பேழையும்

திருவிதாங்கூரின் நாணய முறையில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆயின் பிரித்தானிய இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம் கொடுக்க வேண்டியிருந்தது. கல்வெட்டுகளில் வரும் வாசி, இவ்வரைச் சக்கரத்தில் உயிரோடு இருந்ததெனலாம். அனந்தராயன் பணம், அனந்தவராகன், கலியுகராயன் பணம், இராசி ஆகியவையும் இந்நாட்டு வழக்கில் அறியப்பட்டவை. தென்திருவிதாங்கூரின் நாஞ்சில் நாட்டு நில வரலாற்றை ஆராய்வோர் இப்பெயர்களை ஓலைகளில் எதிர்கொள்ளாமல் இருக்க இயலாது. இந்நாணயங்களைத் தொகுத்தாய்ந்தவர்களுள் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையைச் சார்ந்த ஆர். வாசுதேவப் பொதுவாள் குறிப்பிடத்தக்கவர்.

கையால் அச்சடிக்கப்பட்ட சக்கரத்திலும் பணத்திலும் அச்சு நடுவில் விழுவது அரிது. சங்கின் பாதி ஒன்றில் இருக்கும். மற்றொன்றில் புள்ளிகள் மட்டுமே எஞ்சும். இது தேய்மானமா, அச்சு முழுமையாகப் பதியாமையா என்பதை 70 புள்ளி எண் பிரித்துக்காட்டாது. இக்குறையை உணர்ந்தே என்.ஜி.சி. நிறுவனம் தொன்மைக் காசுகளுக்கு அச்சுப்பதிவு, மேற்பரப்பு என இரு கூறுகளை ஐந்து புள்ளி அளவில் தனித்தனியே மதிப்பிடுகின்றது. எடையையும் சீட்டில் எழுதுகின்றது. இம்முறை தஞ்சைக் கல்வெட்டின் போக்குக்கு ஓரளவு நெருங்கி வருகின்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. இருப்பினும் அச்சுப்பதிவு வேறுபாட்டைத் தவிர வேறொன்றையும் பேழை மறைக்கின்றது. சிறு வெள்ளிக் காசின் வரலாறு பெரும்பாலும் அதன் எடையிலும் உலோகக் கலப்பிலும் உறைகின்றது. ஒரு புதையலில் கிடைத்த நூறு சக்கரங்களை ஒன்றாக நிறுத்து, எடை எவ்வாறு பரவியுள்ளது என்று நோக்கினால்தான் அக்கம்மட்டத்தின் ஒழுங்கு விளங்கும். நூறும் நூறு பேழைகளில், நூறு பேரிடம் சிதறிய பின்னர் அவ்வாய்வு நிகழாது. சீட்டில் எழுதிய எடை ஒருமுறை நிறுத்த எடை மட்டுமே. வேறொரு தராசில் அதனைச் சரிபார்க்கப் பேழையை உடைக்க வேண்டும். உடைத்தால் சான்று போகும்.

குறை எனச் சந்தை ஒதுக்குவது சான்றாக இருக்கலாம் என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையல் தக்க சான்று. 1898இல் அங்குக் கிடைத்த ஏறத்தாழ 500 உரோமானியப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளியால் வெட்டப்பட்ட தழும்பு உள்ளது. அவ்வெட்டின் நோக்கம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அக்காசுகள் தமிழகத்தில் பட்ட பாட்டுக்கு அவ்வெட்டே சாட்சி. தரமிடுவோர் கண்ணில் அது சேதம். சராப்புகள் இட்ட சோதனைக் குறிகளுக்கும் இந்நிலையே. இந்நாட்டு நாணய நோட்டக்காரர் தம் தரச்சான்றைக் காசின் உடலிலேயே பொறித்தனர். பிந்திய நோட்டக்காரர் அதனைக் குறையெனக் கழிக்கின்றனர். இம்முரணைச் சுட்டாமல் செல்வது ஆய்வுக்கு அழகன்று. புளியிட்டுத் துலக்கிய வெள்ளிக்காசுக்குத் தரம் மறுக்கப்படுவது மட்டும் ஆய்வாளரும் வரவேற்கத்தக்கது. துலக்கினால் மேற்பரப்பிலுள்ள செய்தி அழியும்.

நிலவறை அளித்த பாடம்

தரமிடல் பற்றிய வினா திருவனந்தபுரத்தில் பேருருக்கொண்டது 2011இல். பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளை உச்ச நீதிமன்ற ஆணையின்படி அவ்வாண்டு ஜூன் 27 முதல் திறந்து பட்டியலிட்டபோது, ஒரு இலட்சம் கோடி ரூபாய் என்னும் மதிப்பு ஊடகங்களில் பரவியது. முறையான மதிப்பீடு நிகழுமுன்னரே எண் பிறந்துவிட்டது. அவ்வாண்டு ஜூலை 21ஆம் நாள் நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழுவுக்கு இடப்பட்ட பணியோ வேறு வகையினது. வரலாறு, தொன்மை, கலை ஆகிய மதிப்புடையவை, வழிபாட்டில் பயன்படுபவை, இவ்விரண்டும் அல்லாது பண மதிப்பு மட்டும் உடையவை எனப் பொருள்களை முதலில் வகைப்படுத்த வேண்டும் என்பது அது. பொருள் எவ்வகையினது எனத் தெளிந்த பின்னரே அதன் மதிப்பு எவ்வளவு எனக் கேட்க வேண்டும் என்னும் முறைமை இதில் அமைந்துள்ளது. தனிச் சேகரிப்பாளர் தம் பெட்டியிலுள்ள காசுகளுக்கும் இவ்வரிசையைப் பின்பற்றலாம். ‘பி’ எனக் குறிக்கப்பட்ட அறையைத் திறப்பது பற்றிய முடிவை, 2020 ஜூலை 13ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் கோயிற் குழுக்களுக்கே விட்டுவிட்டது.

எக்காசை அனுப்புவது

ஒரு சாதாரண வெள்ளிச் சக்கரம் சந்தையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பது. தரச்சான்றுக் கட்டணமும் அஞ்சற் செலவும் அவ்விலையை எளிதில் விஞ்சும். அதனை அனுப்புதல் வணிக நோக்கிலும் பயனற்றது. அனந்தவராகன் போன்ற அரிய பொற்காசின் நிலை வேறு. போலிகள் உலவும் இடத்தில் மூன்றாம் தரப்பினரின் சான்று வாங்குவோர்க்கு உறுதுணையாகும். பேழையில் புகுமுன் இருபுறமும் விளிம்பும் படமெடுத்து, எடையும் விட்டமும் குறித்து, எங்கிருந்து எவ்வாறு கைக்கு வந்தது என்பதையும் எழுதிவைத்தால் ஆய்வுக்கு நேரும் இழப்பு குறையும். இயந்திரத்தில் ஒரே சீராக அச்சிட்ட பிற்கால நாணயங்களுக்கு, குறிப்பாகச் சித்திரைத் திருநாள் பாலராமவர்மரின் உருவம் பொறித்த வெண்கலச் சக்கரத்திற்கு, எண்வழித் தரம் பொருந்துவதில் தடையில்லை. அக்காசில் எடையை ஆராய்ந்து அறிய வேண்டுவன மிகச் சில.

நிலத்தில் கிடைத்த காசாயின் தரச்சான்று பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கேரளத்தில் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், களியக்காவிளைக்கு இப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டமும் அதனை ஆளும். 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சிக்குள் இருந்த மண்ணில் புதைந்த ஒரே வகைச் சக்கரத்திற்கு இன்று இரு சட்டங்கள். அலுவலரிடம் அறிவித்தல் இரண்டிற்கும் பொது. மரபுரிமையாகப் பெற்ற காசையும் வெளிநாட்டு நிறுவனத்திற்குத் தனியார் தம் விருப்பப்படி அனுப்ப இயலாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் நூறாண்டுப் பழமையுடைய நாணயத்தைத் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அதனை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கின்றது. மூலம் திருநாள் இராமவர்மர் (ஆட்சி 1885–1924) காலத்துக் காசுகள் அனைத்தும் இன்று இவ்வரம்புக்குள் வந்துவிட்டன. அவற்றைக் காண விழைவோர் திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காட்டின் கோயிக்கல் அரண்மனையில் கேரளத் தொல்லியல் துறை நடத்தும் நாணய அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். கொல்லம் 1114ஆம் ஆண்டு பொறித்த சித்திர அரை ரூபாய் இன்னும் அவ்வரம்புக்கு வெளியே உள்ளது. 2039இல் அதுவும் உள்ளே வரும்.